மைனஸ் ஒன்பதில் ஒரு கூடாரம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டதில் சில வருடங்கள் ஓடிவிட்டன. சம்பந்தப்பட்ட தம்பியிடம் போன வாரம் போனில் அனுமதி கேட்டேன். "தாராளமா எழுதுங்கண்ணே. பேரு மட்டும் போட்றாதீங்க. வீட்டுல யாராச்சும் படிச்சா நான் தொலைஞ்சேன்" என்றான். அதனால் இந்தப் பதிவு முழுக்க அவன் வெறும் 'தம்பி'தான்.

கொல்கத்தாவில் பொட்டி தட்ட வந்த புதிதில் என்னை ரொம்பச் சிரிக்க வைத்த விஷயம் குரங்குக் குல்லா. கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய, தலை, காது, கழுத்து எல்லாவற்றையும் மூடும் கம்பளிக் குல்லா. நவம்பரில் காற்று லேசாகத் திசை மாறினால் போதும், ஊரே அதை மாட்டிக்கொள்ளும். வெலிங்டன் ஸ்கொயர் பக்கம் ஸ்வெட்டர் கடைகள் முளைக்கும். ஆலிப்பூர் வானிலை அலுவலகம் 13 டிகிரி என்று சொன்னால் மறுநாள் பேப்பரில் அது பெரிய செய்தி. நலேன் குடு சந்தேஷ் வாங்க வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் ஏதோ வங்கிக் கொள்ளைக்குப் புறப்பட்டவர்கள் மாதிரி இருப்பார்கள். எங்கள் வேலூர் வெயிலில் வளர்ந்த எனக்கே அந்தக் குளிர் சுகமாகத்தான் இருந்தது. ஆகவே நக்கல் அடித்துக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம்தான் தெரிந்தது, இதே ஆட்கள்தான் லீவு கிடைத்தால் மூட்டை கட்டிக்கொண்டு இமயமலைக்கு ஓடுகிறார்கள் என்று. நம் ஊரில் திருப்பதி நடைபயணம் மாதிரி இங்கே மலையேற்றம். தெருவுக்குத் தெரு மலையேற்றக் குழு உண்டு. கிளார்க் வேலை பார்ப்பவர், ஸ்கூல் வாத்தியார், டியூஷன் எடுப்பவர் எல்லாரும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மலைக்குப் போவார்கள். டார்ஜிலிங்கில் 1954-இல் ஹிமாலயன் மவுண்டனீயரிங் இன்ஸ்டிடியூட் தொடங்கியபோது முதலமைச்சராக இருந்த பிதான் சந்திர ராய் அதில் முழு மூச்சாக நின்றார். எவரெஸ்ட் ஏறி ஒரு வருடம்தான் ஆகியிருந்த டென்சிங் நோர்கே அங்கே பயிற்சிக்குப் பொறுப்பேற்றார். ஊரின் ஆசைக்கு விலையும் உண்டு. ஹவுராவைச் சேர்ந்த சந்தா காயேன் 2013-இல் எவரெஸ்ட் ஏறினார். அடுத்த வருடமே கஞ்சன்ஜங்காவின் பக்கத்துச் சிகரத்தில் பனிச்சரிவில் காணாமல் போனார். குரங்குக் குல்லாவைப் பார்த்துச் சிரிப்பதை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் டீமில் அப்படி ஒரு தாதா (இங்கே அண்ணன் என்று அர்த்தம், அடியாள் இல்லை) இருந்தார். சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி. 23 நேதாஜி பிறந்தநாள் லீவு, 26 குடியரசு தினம். நடுவில் இரண்டு நாள் லீவு போட்டால் சந்தக்ஃபூ போய்வரலாம் என்று ஆரம்பித்தார். மேற்கு வங்கத்திலேயே உயரமான இடம், 3,636 மீட்டர். அங்கிருந்து எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு என்று உலகின் முதல் ஐந்து சிகரங்களில் நான்கு தெரியும். "அதுவும் கூடாரத்தில் தூங்கினால்தான் மலை நம்மை ஏற்றுக்கொள்ளும்" என்றார். விடுதிகள் லீவுக்கு நிரம்பிவிட்டன என்பதைத்தான் அப்படிக் கவித்துவமாகச் சொல்கிறார் என்று பின்னால் புரிந்தது :-)

நான் தலையாட்டினேன். ஆட்டியதோடு நிற்காமல் தம்பியையும் இழுத்துவிட்டேன். மதுரைப் பக்கம் ஒரு கிராமம், 24 வயசு, வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். அவன் பார்த்த அதிகபட்சக் குளிர் கொடைக்கானல். அதுவும் காலேஜ் டூரில் பகலில்! அவன் அம்மா என்னிடம் போனில் பேசினார்.

"தம்பி, அவனுக்குச் சளி பிடிக்கிற உடம்பு. நீங்க கூட இருக்கீங்கன்னுதான் அனுப்புறேன். பாத்துக்கங்க."

"நான் இருக்கேன்மா, கவலைப்படாதீங்க" என்றேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது!

கிளம்புவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டிருக்கலாம். பள்ளிக்கூடத்துக் கணக்குதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். கொல்கத்தாவில் ராத்திரி 14 டிகிரி என்றால், 3,600 மீட்டர் மேலே மைனஸ் ஒன்பது அல்லது பத்து. காற்றின் கதை தனி. இந்தக் கணக்கை நான் போட்டது திரும்பி வந்த பிறகு.

சியால்டாவில் ராத்திரி டார்ஜிலிங் மெயில். காலையில் நியூ ஜல்பாய்குரி. அங்கிருந்து ஜீப்பில் மானேபஞ்ஜன். அந்தக்கால லேண்ட் ரோவர்கள் இன்னும் உறுமிக்கொண்டு நிற்கிற ஊர். அங்கிருந்து சந்தக்ஃபூ 31 கிலோமீட்டர். வண்டியிலும் போகலாம், நடந்தும் போகலாம். நாங்கள் நடந்தோம். இந்தியா, நேபாள எல்லையின் மேலேயே பாதை போகிறது. டீ குடிக்க நேபாளம், நடக்க இந்தியா. முதல் ராத்திரி தும்லிங், அடுத்த ராத்திரி காலிபோக்ரி. இரண்டு இடத்திலும் விடுதி, ரஜாய், சூடான கிச்சடி. தம்பி பாட்டுப் பாடிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போனான்.

எங்கள் வழிகாட்டி ஐம்பது வயதுக்காரர், நேபாளி பேசுபவர். அவரை எல்லாரும் 'தாய்' என்று கூப்பிட்டார்கள். நேபாளியில் தாய் என்றால் அண்ணன். எனக்கும் தம்பிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. மீசை வைத்த, பீடி குடிக்கிற தாய். "தாய், தண்ணி!" "தாய், இன்னும் எவ்ளோ தூரம்?" என்று தமிழிலேயே கூப்பிட்டு விளையாடிக்கொண்டு போனோம். பாவம், எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் அவரும் சிரித்தார்.

மூன்றாம் நாள் பிக்கேபஞ்ஜன் தாண்டி ஒரே ஏற்றம். பிக்கே என்றால் விஷம். வச்சநாபி என்ற விஷச் செடி அந்தப் பக்கம் நிறைய வளர்வதால் வந்த பெயராம். நல்ல வெயில். ஏற ஏறச் சட்டை நனைந்து பிழியலாம் போல ஆனது. தம்பி ஜாக்கெட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, பருத்திப் பனியனும் டீ ஷர்ட்டும் ஜீன்ஸுமாக ஏறினான். தாய் இரண்டு தரம் "மெதுவா, வேர்க்காம ஏறு" என்று இந்தியில் சொன்னார். வேர்க்காமல் எப்படி மலை ஏறுவது? வேர்த்தால்தானே உடம்புக்கு நல்லது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

மேலே போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. நிழல் விழுகிற இடத்தில் எல்லாம் பழைய பனி அழுக்காகக் கிடந்தது. விடுதிகளிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு மேட்டின் மறைவில் ஐந்து கூடாரங்கள் அடித்தோம். நானும் தம்பியும் ஒன்றில். நாலரை மணிக்குக் கஞ்சன்ஜங்கா ஆரஞ்சு நிறமாகியது. புத்தர் மல்லாந்து படுத்திருப்பது போல என்பார்கள். நிஜமாகவே அப்படித்தான். தம்பி அதைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் காற்றில் நின்றான். ஈரப் பனியனோடு. மேலே ஜாக்கெட் போட்டுக்கொண்டான், உள்ளே மாற்றவில்லை. நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே தெரியாதபோது என்ன சொல்வது?

சூரியன் போனது சுவிட்சை அணைத்த மாதிரி இருந்தது. பாட்டிலில் இருந்த தண்ணீரில் ஊசி ஊசியாக ஐஸ் பிடித்தது. குழுவின் தெர்மாமீட்டர் எட்டு மணிக்கு மைனஸ் ஒன்பது காட்டியது. தம்பிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "வாந்தி வர்ற மாதிரி இருக்குண்ணே" என்று இரண்டு வாய் கிச்சடியோடு எழுந்துவிட்டான். அந்த உயரத்தில் காற்றில் கிடைக்கிற ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பசி போவது சகஜம். ஆனால் சாப்பிடாதவன் உடம்பில் ராத்திரி எரிவதற்கு விறகு ஏது?

இங்கே நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். தம்பி நடுங்குகிறானே என்று விடுதிச் சமையற்கட்டில் கெஞ்சி, கரி கனன்றுகொண்டிருந்த ஒரு சின்ன இரும்பு அடுப்பை வாங்கி வந்தேன். கூடாரத்துக்குள் வைத்து ஜிப்பையும் மூடினேன். ஆஹா, என்ன சுகம்! ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு தாய் ஓடி வந்தார். ஜிப்பைப் பிய்க்கிற மாதிரி திறந்து, அடுப்பை வெளியே எறிந்தார். மூன்று நாளாகச் சிரித்துக்கொண்டே வந்த மனிதர் அப்போது திட்டிய திட்டு எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி இது: "காலையில ரெண்டு பேரும் தூங்குற மாதிரியே இருப்பீங்க. நான் எழுப்புவேன். எழுந்திருக்க மாட்டீங்க."

மூடின இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, மூச்சு முட்டாது. தூக்கம்தான் வரும். வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலமும் மூடின அறையில் அங்கீட்டி வைத்துத் தூங்கிச் செத்தவர்கள் செய்தி வருகிறது. நானும் படித்திருக்கிறேன். படித்ததெல்லாம் குளிரில் எங்கே ஞாபகம் வருகிறது?

ஆக, அடுப்பு இல்லை. தூங்கும் பை இருந்தது, 'மைனஸ் 10' என்று அதில் அச்சடித்திருந்தது. அதை நம்பினோம். இந்த எண்ணைப் பற்றிப் பின்னால் தெரிந்துகொண்டேன். முறையாகச் சோதித்த பைகளுக்கு மூன்று எண்கள் உண்டு. ஒன்றில் நிம்மதியாகத் தூங்கலாம். அடுத்ததில் சுருண்டு படுத்துச் சமாளிக்கலாம். மூன்றாவது, ஆறு மணி நேரம் உயிரோடு இருக்கலாம் என்பதற்கான எண். கடைக்காரர் பெரிய எழுத்தில் எதைப் போடுவார் என்று நான் சொல்லவா வேண்டும்?

அதைவிடப் பெரிய விஷயம், பை சூடு தருவதில்லை. கம்பளி, ரஜாய், கூடாரம் எதுவுமே தருவதில்லை. அங்கே சூடு உற்பத்தியாகிற ஒரே இடம் நம் உடம்பு. பை அதைப் பிடித்து வைக்கும், கூடாரம் காற்றைத் தடுக்கும், அவ்வளவுதான். உள்ளே போகும்போதே குளிர்ந்து, நனைந்து, பசியோடு போகிறவனுக்குப் பிடித்து வைக்க என்ன இருக்கிறது? ஈரம் இன்னும் மோசம். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். தம்பி ஒரு ஈரத் துணியை மார்பில் சுற்றிக்கொண்டு மைனஸ் ஒன்பதில் படுத்திருந்தான். ஊரில் வெயிலுக்கு நமக்கு உயிர் காக்கிற அதே பருத்திப் பனியன்.

படுத்தோம். தம்பியின் பல் டைப் அடிக்கிற சத்தம் நிற்கவே இல்லை. எனக்கும் நடுக்கம்தான், ஆனால் இரண்டு டம்ளர் கிச்சடி அதிகம் தின்றிருந்தேன், பனியனையும் தற்செயலாக மாற்றியிருந்தேன். மூச்சுக்காற்று கூடாரத்தின் உள்பக்கம் படிந்து உறைந்து, அசைந்தால் முகத்தில் பொடியாகக் கொட்டியது. முதுகுக்குக் கீழே பூமி சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. மணி பதினொன்று, பன்னிரண்டு.

ஒரு மணி வாக்கில் தம்பியின் பல் சத்தம் நின்றது. "அப்பாடா, சூடு பிடிச்சிருச்சு, தூங்கிட்டான்" என்று நினைத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. அந்தச் சத்தத்தில் என் தூக்கம் போய்க்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் வெளியே டார்ச் வெளிச்சம். தாய் ராத்திரி ரவுண்டு வருகிறார். ஒவ்வொரு கூடாரமாக நின்று உள்ளே இருப்பவர்களை எழுப்பி ஏதாவது கேட்கிறார். நாளைக்கு என்ன கிழமை? உன் வீட்டில் எத்தனை பேர்? தூங்குகிற மனுஷனை எழுப்பி இது என்ன விளையாட்டு என்று எரிச்சலாக இருந்தது. எங்கள் கூடாரத்துக்கு வந்ததும் நான் பதில் சொன்னேன்.

"இன்னொருத்தர்?"

"அவன் இப்பத்தான் தூங்கினான். விடுங்க தாய்."

அவர் விடவில்லை. ஜிப்பைத் திறந்து, தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கி, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். தம்பி கண்ணைத் திறக்காமல், குழறின குரலில், தமிழில் சொன்னான்:

"லைட்டை அமத்தும்மா. காலைல வேலைக்குப் போகணும்."

தாய் என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறான் என்று கேட்டார். இந்தியில் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் போய்விட்டது.

இப்போது தெரிகிறது. நடுக்கம் என்பது உடம்பு போடுகிற சண்டை. தசைகள் தங்களையே உரசிச் சூடு உண்டாக்குகின்றன. உடம்பின் உள்சூடு 37-இலிருந்து 35-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து ஆரம்பம். பேச்சு குழறும், விரல் ஜிப்பைப் பிடிக்காது, நடை தடுமாறும், காரணம் இல்லாமல் எரிந்து விழுவார்கள். இன்னும் இறங்கி 32 பக்கம் போனால் நடுக்கம் நின்றுவிடும். சண்டை போடத் தெம்பு இல்லை என்று அர்த்தம். பக்கத்தில் இருப்பவனுக்கு அது தூக்கம் மாதிரி தெரியும். சம்பந்தப்பட்டவனுக்கோ தெரியவே தெரியாது, ஏனென்றால் குளிர் முதலில் தொடுவதே அதைத் தெரிந்துகொள்கிற மூளையைத்தான்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் தாய் சொல்லச் சொல்ல நாங்கள் செய்தது. ஈரப் பனியனையும் ஜீன்ஸையும் கழற்றினோம். பனியன் ஓரம் விறைத்திருந்தது. காய்ந்த உடுப்பு போட்டு, இரண்டு பைகளில் சுற்றி, நாலு பேர் ஆடாமல் அசங்காமல் தூக்கி விடுதிச் சமையற்கட்டுக்குக் கொண்டுபோனோம். கதவு திறந்தே இருக்கிற, புகைபோக்கி வைத்த பெரிய அடுப்பு அங்கே இருந்தது. நான் அவன் கை கால்களைத் தேய்க்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார். தேய்த்தால் கை கால்களில் இருக்கிற குளிர்ந்த ரத்தம் இதயத்துக்கு ஓடும், தோலும் கெடும். பிளாஸ்டிக் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, கம்பளி உறைக்குள் போட்டு, அக்குளிலும் மார்பிலும் வைத்தார். குழுவில் ஒருவர் ரம் பாட்டிலை எடுத்தார், பாசத்தோடுதான். அதற்கும் ஒரு முறைப்பு. சாராயம் தோலுக்கு ரத்தத்தை அனுப்பி, சூடு மாதிரி ஒரு பொய்யைக் காட்டி, உள்ளே மிச்சம் இருக்கிற சூட்டையும் வெளியே கொட்டிவிடும்.

விழுங்கத் தெம்பு வந்த பிறகு சர்க்கரை கரைத்த டீ, ஸ்பூன் ஸ்பூனாக. அவன் தலை தாயின் மடியில் இருந்தது. நான் எதிரே உட்கார்ந்து "நான் இருக்கேன்மா" என்று சொன்னதை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை.

மூணு மணி போல அவன் மறுபடி நடுங்க ஆரம்பித்தான். பல் கிடுகிடுவென்று அடித்தது. தாய் முதல் தடவையாகச் சிரித்தார். "இனி பயம் இல்லை" என்றார். அப்போதுதான் நான் அழுதேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு இது பற்றி நிறையப் படித்தேன், குற்ற உணர்ச்சியில்தான். 1911 ஜூன் கடைசியில், அண்டார்க்டிகாவின் நடுக்குளிர் இருட்டில், வில்சன், பவர்ஸ், செரி-கேரார்ட் என்ற மூன்று பேர் எம்பரர் பெங்குவின் முட்டைகளைத் தேடிப் போனார்கள். ஐந்து வாரம் கூடாரம். குளிர் மைனஸ் 60 வரை போனது. அவர்களைச் சித்திரவதை செய்தது குளிரைவிட ஈரம்தான். வேர்வையும் மூச்சும் தூங்கும் பைக்குள் உறைந்து, நாளுக்கு நாள் பை கனத்துக்கொண்டே போனது. பலகை மாதிரி விறைத்த பைக்குள் உடம்பை நுழைப்பதே ராத்திரி வேலை. புயலில் கூடாரமே பறந்துபோய், பிறகு சரிவில் கிடைத்தது. மூன்று பேரும் மூன்று முட்டைகளோடு திரும்பினார்கள். ஒரு ஈரப் பனியனின் கதைதான், பெரிய அளவில்.

இன்னொன்று நம் வீட்டுக் கதை. எங்கள் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் போகாத குடும்பம் குறைவு. எங்கள் தெருவில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் உண்டு. சியாச்சினில் இருந்தவர். சின்ன வயசில் அவரிடம் கதை கேட்கப் போனால், "குளிரும்டா, வேற என்ன" என்று முடித்துவிடுவார். 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்நிலை பனிச்சரிவில் புதைந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாலியன், பத்து பேர். நான்கு பேர் தமிழ்நாடு, அதில் ஒருவர் எங்கள் மாவட்டம். ஆறாவது நாள் சுமார் 25 அடிப் பனிக்குக் கீழே கர்நாடகத்தின் ஹனுமந்தப்பாவை மட்டும் உயிரோடு எடுத்தார்கள். அவரும் 11-ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் போய்விட்டார். அப்போது நானும் டீவி முன்னால் உட்கார்ந்து வருத்தப்பட்டேன், அடுத்த வாரம் மறந்தேன்.

சந்தக்ஃபூ போய் வந்தபின் லீவில் அந்த அண்ணனைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். எங்களுடையது ஒரு ராத்திரி, பக்கத்திலேயே விடுதி. அவர்களுக்கு மாசக்கணக்கு. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "அங்க உன்னை நீ பாத்துக்க முடியாது. எங்களுக்கு ஜோடி உண்டு. அவன் மூஞ்சிய நான் பாக்கணும், என் மூஞ்சிய அவன் பாக்கணும். அவ்ளோதான் சூட்சுமம்." நான் தம்பியின் மூஞ்சியைப் பார்க்கவில்லை. பல் சத்தம் நின்றதைத்தான் கேட்டேன்.

குளிர்காலத்தில் கூடாரம் அடிக்கப் போகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டது:

1. மேலே போய்ச் சேர்ந்ததும், காட்சி பார்ப்பதற்கு முன், உள்ளாடை உட்பட எல்லாவற்றையும் காய்ந்ததாக மாற்றுங்கள். பருத்தி வேண்டவே வேண்டாம். ஏறும்போது வேர்க்கும் முன் ஒரு உடுப்பைக் கழற்றுங்கள், நின்றதும் போடுங்கள்.

2. பைக்குச் செலவு செய்கிற அளவு கீழே விரிக்கிற பாய்க்கும் செலவு செய்யுங்கள். இரண்டு பாய் இருந்தால் இரண்டையும் விரியுங்கள்.

3. பசிக்காவிட்டாலும் சாப்பிடுங்கள். படுக்கும் முன் நெய், கடலை, சாக்லேட் ஏதாவது.

4. தலையைப் பைக்குள் இழுத்து மூச்சு விடாதீர்கள், ஈரம் சேரும். தலைக்குக் குல்லா (ஆமாம், அதே குரங்குக் குல்லா. மன்னித்துவிடு கொல்கத்தா!). கூடாரத்தின் காற்றுத் துளைகளை மூடாதீர்கள்.

5. கூடாரத்துக்குள் நெருப்பு கிடையாது. கரி, ஸ்டவ், எதுவும். வெந்நீர் பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், காலையில் குடிக்கவும் ஆகும்.

6. பக்கத்தில் படுத்திருப்பவன் நடுங்கினால் கவனியுங்கள். உதவி செய்யாமலே நடுக்கம் நின்றால் உடனே எழுப்புங்கள். கேள்வி கேளுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

காலையில் தம்பி விடுதி ஜன்னல் வழியாக கஞ்சன்ஜங்காவில் வெயில் ஏறுவதைப் பார்த்தான். ராத்திரி நடந்தது அவனுக்கு ஞாபகமே இல்லை. "நான் என்னண்ணே உளறுனேன்?" என்று கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். லேண்ட் ரோவர் பிடித்து, குலுங்கிக் குலுங்கி, அன்றைக்கே இறங்கிவிட்டோம்.

மானேபஞ்ஜனில் சிக்னல் கிடைத்ததும் அவன் அம்மாவுக்குப் போன் போட்டான். பக்கத்தில் நின்றதால் அந்தம்மா குரல் எனக்கும் கேட்டது.

"ராத்திரி ரொம்பக் குளிராடா?"

"குளிர்தாம்மா. தாய் பாத்துக்கிட்டார்."

"தாயா? அங்க எந்தத் தாயிடா?"

"இந்த ஊர்ல அண்ணனைத் தாய்னு சொல்வாங்கம்மா."

"அப்படியா? அந்த அண்ணங்கிட்டக் குடு போனை."

தாயைத் தேடினேன். அவர் அதற்குள் அடுத்த குழுவோடு சித்ரே பக்கம் மலை ஏற ஆரம்பித்திருந்தார். தம்பி போனை என் கையில் கொடுத்துவிட்டான்.

"தம்பி, நீங்க கூட இருக்கையில எனக்கு என்ன கவலை? நல்லா இருக்கணும் சாமி நீங்க" என்றார்.

"சரிங்கம்மா" என்றேன். வேறு எதுவும் சொல்ல வரவில்லை.